ஒரு விதி மட்டும் மாறிய ஊர்: குழந்தைகளுக்கு இயற்பியலை வரைந்து கற்பிக்கும் முறை

மும்பையின் செம்பூரில், எங்கள் சொசைட்டியின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) பொதுக்கூடத்தில் சனிக்கிழமை மாலைதோறும் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறேன். ஏழு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், கீழே கிரிக்கெட் ஆடும்போது இந்தி என்று மூன்றையும் கலந்து பேசுகிறவர்கள். ஒரு மழைக்கால மாலையில், "நாளைக் காலையிலிருந்து நம் ஊரில் உராய்வு கிடையாது, மற்ற எல்லாம் இப்போது இருப்பது போலவே இருக்கும், தாதர் ஸ்டேஷன் நடைமேம்பாலம் எப்படி இருக்கும் என்று வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், பாலத்தில் இருந்த அத்தனை பேரும் வழுக்கிக்கொண்டு போய்ப் படிகளின் அடியில் குவியலாகக் கிடப்பதாக வரைந்தான். டிபன் டப்பா ஒன்று தனியே உருண்டு போவதைக்கூட விடவில்லை. படத்தைப் பாராட்டிவிட்டு, பாலத்தின் நடுவில், சமதளத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த மனிதர் ஒருவரைக் காட்டி, "இவரை யார் தள்ளினார்கள்?" என்று கேட்டேன். பென்சிலைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தான். "யாரும் தள்ளல ஆன்ட்டி. அப்போ அவர் அங்கேயேதான் நிப்பார். ஆனா பின்னாடி யாராவது லேசா இடிச்சாப் போதும், போய்க்கிட்டே இருப்பார்" என்றான்.

1687இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதியைத்தான் அவன் தன் சொற்களில் சொன்னான். நின்றது நிற்கும், நகர்வது நகர்ந்துகொண்டே இருக்கும் என்று நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பான். இந்த முறையை வீட்டிலோ சிறு குழுவிலோ செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்காக, என் அனுபவத்தில் பலித்ததையும் பலிக்காததையும் கீழே எழுதுகிறேன்.

ஒன்றுக்கு மேல் மாற்றக் கூடாது

முதலில் பலிக்காததைச் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய புதிதில் நான் ஒரு முழுக் கிரகத்தையே படைத்தேன். அதில் இரண்டு நிலாக்கள், மிதக்கும் மலைகள், மேல்நோக்கி ஓடும் ஆறு, போதாததற்கு ஒரு டிராகனும் இருந்தது. குழந்தைகள் மூன்று வாரம் ஆசையாக வரைந்தார்கள். நான்காம் வாரம், "ஆறு ஏன் மேலே ஓடுகிறது?" என்று கேட்டபோது, "அந்த ஊர்ல அப்படித்தான்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற உலகத்தில் எதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை அல்லவா?

ஆகையால் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டு அடுக்களை, பள்ளிப் பேருந்து, சொசைட்டி வாசல், ஸ்டேஷன். அந்த இடத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் நீக்குங்கள் அல்லது மாற்றுங்கள். மாற்றிய விதியை ஒற்றை வாக்கியமாகச் சார்ட் பேப்பரின் தலைப்பில் குழந்தையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு வாதம் வரும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும். ஒரே படமாக வரையாமல் மூன்று கட்டங்களாக வரையச் சொல்வது முக்கியம்: நிகழ்வதற்கு முன், நிகழும்போது, அதற்கு ஒரு நொடி கழித்து. மூன்றாவது கட்டத்தில்தான் குழந்தை உண்மையில் சிந்திக்கத் தொடங்குகிறது, ஏனென்றால் முதல் இரண்டையும் கேலிச்சித்திரம் போலப் போட்டுவிட முடியும். "அடுத்து என்ன ஆகும்" என்பதை அப்படிப் போட முடியாது.

விடையை நீங்கள் சொல்லாதீர்கள். தப்பாக வரைந்தால் "அப்படியானால் இதுவும் நடக்குமே, பரவாயில்லையா?" என்று அந்தத் தப்பின் விளைவை ஒரு படி தள்ளிக்கொண்டு போய்க் காட்டினால் போதும். பெரியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம் என்பதை என்னை வைத்தே சொல்கிறேன்.

உராய்வு இல்லாத ஊர்

தொடங்குவதற்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. உராய்வு என்ற சொல்லே குழந்தைக்குப் பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது. உரசுவது எது என்று அதற்குத் தெரியும். பள்ளியில் கேட்ட 'ஃபிரிக்‌ஷன்' என்ற சொல் பல குழந்தைகளுக்குத் தேர்வுத்தாளில் வரும் ஒரு பெயர் மட்டுமே.

காலையில் எழுந்ததிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். கட்டிலிலிருந்து இறங்கி நடக்க முடியுமா? பாதம் தரையைப் பின்னால் தள்ள முடியாததால் முடியாது. பற்பசை மூடியைத் திருக முடியுமா? விரல் வழுக்கும். சுவரில் அடித்த ஆணி? மெல்லக் கழன்று வரும். பென்சில் காகிதத்தில் எழுதுமா? உரசித் தேய்ந்தால்தானே கோடு விழும். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த விடையைப் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி சொன்னாள். அவளுடைய பாட்டி மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூ வாங்கி வந்து வீட்டில் தொடுப்பவர். "மல்லிப்பூ தொடுக்க முடியாது. முடிச்சு நிக்காது" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஒரு நூலை எடுத்து முடிச்சுப் போட்டு, அதை மெதுவாக இறுக்கி, நூல் நூலின் மேல் எங்கெங்கே அழுத்துகிறது என்று காட்டினேன். முடிச்சு என்பது முழுக்க உராய்வால் நிற்பது. நூல் நூலைப் பிடிக்காவிட்டால் பூச்சரமும் கிடையாது, நாம் உடுத்தும் துணியும் கிடையாது, ஏனெனில் நெய்த இழைகளையும் தைத்த நூலையும் நழுவாமல் வைத்திருப்பதும் அதுவே. அன்றிலிருந்து "துணி இல்லாத ஊர்" என்று பையன்கள் ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, அந்த வழவழப்பான தரையின் நடுவில் மாட்டிக்கொண்டவர் வீட்டுக்கு எப்படிப் போவார் என்று கேளுங்கள். நீந்துவது போலக் கையை வீசலாம் என்பார்கள். காற்றைத் தள்ளுவதால் மிகச் சிறிது பயன் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். யாராவது ஒரு குழந்தை, சற்று நேரம் கழித்து, "செருப்பைக் கழற்றி எறிஞ்சா?" என்று கேட்கும். வீட்டுக்கு எதிர்த்திசையில் எறிந்தால் வீட்டை நோக்கி நகரலாம். புத்தகப் பையை எறிந்தால் இன்னும் வேகமாகப் போகலாம். இதை உடனே சோதிக்க முடியும். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் குழந்தையை உட்காரவைத்து, கால் தரையில் படாமல் மடக்கச் சொல்லி, ஐந்து கிலோ அரிசிப் பையை முன்னால் வேகமாகத் தள்ளி எறியச் சொல்லுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் நாற்காலி சற்றுப் பின்னால் நகர்வதைக் காணலாம். பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

கேரம் போர்டு இருக்கும் வீட்டில் உராய்வை அளக்கவும் முடியும். போர்டின் ஒரு பக்கத்துக்குக் கீழே நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், எத்தனையாவது நோட்டில் காய் தானாகச் சறுக்கத் தொடங்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு பவுடர் தூவி மறுபடி செய்யுங்கள். நோட்டுகளின் எண்ணிக்கை குறையும். குழந்தை முதன்முதலாக, உராய்வு 'இருக்கிறது, இல்லை' என்ற இரண்டு நிலையைத் தாண்டி, கூடவும் குறையவும் கூடிய ஒன்று என்று கைவிரலால் எண்ணிப் பார்க்கிறது. பவுடரை மேலும் மேலும் நல்லதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் கற்பனை ஊரும் கேரம் போர்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

சிவப்பு அம்பு, நீல அம்பு

படங்களில் அம்புக்குறி போட இரண்டு ஸ்கெட்ச் பேனா வையுங்கள். சிவப்பு, தள்ளுவதற்கும் இழுப்பதற்கும், அதாவது விசைக்கு. நீலம், பொருள் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு. சிவப்பு அம்புக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு: அம்பின் வாலில் தள்ளுகிறவரின் அல்லது இழுக்கிறவரின் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுத முடியாத சிவப்பு அம்பை அடித்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு பார்க்கச் சின்னது. ஆனால் ஒரு பந்தை மேலே எறிந்து, அது ஏறிக்கொண்டிருக்கும் படத்தை வரையச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாக் குழந்தைகளும், ஏன், இயற்பியல் படித்த பெரியவர்களில் பலரும்கூட, பந்தின் மேல் மேல்நோக்கிய சிவப்பு அம்பு ஒன்றைப் போடுவார்கள். "வாலில் யார் பெயர்?" என்று கேட்டால் "கை" என்பார்கள். கை எங்கே இருக்கிறது? கீழே, பந்தைத் தொடாமல். தொடாத கை எப்படித் தள்ளும்? இங்கே ஒரு நீண்ட மௌனம் வரும், அதைக் கலைக்காதீர்கள். கடைசியில் மேல்நோக்கிய சிவப்பு அம்பு அடிபட்டு, அதே இடத்தில் நீல அம்பு வரும். சிவப்பில் மிஞ்சுவது 'பூமி' என்று பெயர் எழுதிய, கீழ்நோக்கிய ஓர் அம்பும், காற்றின் பெயரில் ஒரு குட்டி அம்பும்தான். பந்து மேலே போகிறது, விசை கீழே இழுக்கிறது என்ற முரண் கண்ணெதிரே இரண்டு நிறத்தில் தெரியும்போது, வேகமும் விசையும் வேறுவேறு என்பதைச் சொற்களால் விளக்க வேண்டிய தேவை மிகக் குறைவு.

மெதுவாக விழும் ஊர்

நிலவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. "ஈர்ப்பு ஆறில் ஒன்றான செம்பூர்" என்று தலைப்பு எழுதுவதற்கு முன்னால், உண்மையான செம்பூரில் பந்து எப்படி விழுகிறது என்று அளந்துவிடுங்கள். சுவரில் தையல்காரரின் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, அதன் அருகே பந்தைக் கைவிட்டு, செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒவ்வொரு மூன்றாவது படமும் 0.1 நொடி இடைவெளியில் இருக்கும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பந்து இருக்கும் இடத்தைச் சார்ட்டில் புள்ளியாகக் குறித்துக்கொண்டு வந்தால், ஏறத்தாழ 5, 20, 45, 80 சென்டிமீட்டரில் நான்கு புள்ளிகள் விழும். இடைவெளிகளைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 5, 15, 25, 35. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படை வரிசை இது. கலிலியோ சரிவுப் பலகையில் பந்தை உருட்டிக் கண்டதும் இதே வரிசைதான். உங்கள் அளவில் ஓரிரு சென்டிமீட்டர் பிசகினால் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு இடைவெளியும் முந்தியதைவிடக் கூடுகிறது என்பது தப்பாமல் தெரியும்.

அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே நிலவுச் செம்பூரின் புள்ளிகளை ஆறால் வகுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். இங்கே 80 சென்டிமீட்டர் விழுந்த பந்து அங்கே அதே நேரத்தில் 13 சென்டிமீட்டர்தான் விழுந்திருக்கும். இந்த இரண்டு புள்ளி வரிசைகளையும் பார்த்த பிறகு வரையும் படங்கள் வேறு தரத்தில் இருக்கும்: குழாய்த் தண்ணீர், தோசைக் கரண்டியிலிருந்து விழும் மாவு, விரலிடுக்கில் நழுவும் கோலப்பொடி எல்லாம் தயங்கித் தயங்கி இறங்கும். 'நிலவில் ஈர்ப்பே கிடையாது' என்று சொல்லும் குழந்தை நிச்சயம் ஒன்று இருக்கும். காற்று இல்லாததையும் ஈர்ப்பு இல்லாததையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் பிழை இது. 1971 ஆகஸ்டில் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்ட காணொளியைக் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொடுகின்றன. விழுகின்றன என்பதால் ஈர்ப்பு உண்டு; சேர்ந்து விழுகின்றன என்பதால் காற்று இல்லை.

மழை குண்டு போலப் பாயும் ஊர்

மும்பைக் குழந்தைகளுக்கு என்றே அமைந்த ஊர் இது. தலைப்பு: "காற்று மூச்சுக்கு மட்டும், எதையும் தள்ளாது, எதையும் தடுக்காது." காத்தாடி பறக்காது, காகம் பறக்காது, மின்விசிறி சுற்றினாலும் காற்று மேலே படாது என்பதையெல்லாம் அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு, ஜூலை மாத மழையை வரையச் சொல்லுங்கள். பெரிய மழைத்துளி நம் தலையில் விழும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 9 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து காற்றின் தடையே இல்லாமல் விழுந்தால் அதே துளி நொடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இறங்கும். ஒரு பையன் குடைக்குப் பதிலாகத் தலையில் இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துக்கொண்டு போகும் மனிதனை வரைந்தான். அது போதுமா என்று விவாதித்தோம்.

சோதிப்பதற்குக் கப் கேக் சுடும் காகிதக் கிண்ணங்கள் வேண்டும். கிராஃபர்ட் மார்க்கெட்டில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். ஒரு கிண்ணத்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்தும், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய நான்கு கிண்ணங்களை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் விடுங்கள். இரண்டும் அநேகமாகச் சேர்ந்தே தரையைத் தொடும். நான்கு மடங்கு எடைக்கு இரண்டு மடங்கு வேகம்தான் கூடுகிறது. காற்றின் தடை வேகத்தின் இருபடியாக ஏறுவதே காரணம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு விசையை விட நிழல் நன்றாகப் பிடிபடும். நிழல்களை மட்டுமே குடிமக்களாகக் கொண்ட ஊரை வரையச் சொன்னால், பெரும்பாலும் நிழலுக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் போடுவார்கள். டார்ச்சை அடித்து, சுவரில் விழும் அவர்களுடைய நிழலில் மூக்கைத் தேடச் சொல்லுங்கள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் மூக்கு வரும். மும்பையில் மே மாத நடுவில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அன்று நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்குப் பக்கவாட்டில் நிழலே விழாது. ஜூலைக் கடைசியிலும் இதே நாள் மறுபடி வருகிறது, ஆனால் மேகம் விட்டால்தானே.

திரையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற அறிவியல் கணினிப் பாவனைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. காகிதத்தில் ஊரை வரைந்து, என்ன நடக்கும் என்று எழுதி முடித்த பிறகு திறந்து காட்டுங்கள். முதலிலேயே திறந்தால் பொத்தான்களை அழுத்துவதோடு முடிந்துவிடும். ஒர்லியில் உள்ள நேரு அறிவியல் மையத்துக்கும் இது பொருந்தும். ஊர்களைக் கட்டி முடித்த குழந்தை அங்கே போனால், எந்தப் பொருளின் முன் நிற்க வேண்டும் என்று அதற்கே தெரியும்.

நகரும் அறை

கடைசி ஊருக்குக் காகிதம் தேவையில்லை. 1632இல் வெளியான தன் நூலில் கலிலியோ, ஒரு பெரிய கப்பலின் கீழ்த்தள அறையில் நண்பருடன் அடைந்துகொள்ளும்படி வாசகரை அழைக்கிறார். சொட்டும் தண்ணீர், பறக்கும் பூச்சிகள், கிண்ணத்தில் நீந்தும் மீன் எதை வைத்தும், கப்பல் சீராக ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது என்கிறார். நமக்கு லோக்கல் ரயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், கூட்டமில்லாத ஹார்பர் லைன் வண்டியில், செம்பூரிலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது உட்கார்ந்தபடியே ஒரு ரூபாய் நாணயத்தை ஒரு சாண் உயரத்துக்குச் சுண்டச் சொல்லுங்கள். நாணயம் காற்றில் இருக்கும் 0.4 நொடியில் வண்டி 6 மீட்டருக்கு மேல் முன்னேறியிருக்கும். ஆனாலும் நாணயம் அதே உள்ளங்கையில் விழும். எறிவதற்கு முன், எங்கே விழும் என்று நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டால்தான் இதில் ஆச்சரியம் உண்டு.

பிறகு தலைக்கு மேலே பார்க்கச் சொல்லுங்கள். வரிசையாகத் தொங்கும் கைப்பிடிகள் வண்டி புறப்படும்போது எல்லாம் சேர்ந்து பின்னால் சாயும். பிரேக் போடும்போது முன்னால் சாயும். எவ்வளவு வேகமாக ஓடினாலும், வேகம் மாறாத வரையில், ஆட்டம் அடங்கி நேராகத் தொங்கும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கைப்பிடிகளைப் பார்த்துச் சொல்லும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்: "புறப்படுறோம்", "சீரா போறோம்", "நிக்கப் போறோம்". வடாலா வருவதற்குள் தானாகவே பிடிபட்டுவிடும். அரைபாட்டில் தண்ணீர் இருந்தால் அதன் மட்டம் எந்தப் பக்கம் உயர்கிறது என்றும் வரையலாம். திரும்பும் வண்டியைப் பத்து மணிக்குள் பிடித்துவிடுங்கள். அதற்கு மேல் அன்று மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காக வண்டிகளை நிறுத்திவைப்பது, இருக்கக்கூடும், வருகிற ஓரிரு வண்டியிலும் கைப்பிடிகள் ஆட இடம் இருக்காது.